எந்த ஓரம் சார்? - வாசகர் கேள்வி பதில்

ரெண்டு வாரம் முன்னாடி இந்தப் பகுதில ஒரு அம்மா, "எங்க தெருவுல பிளாட்பாரமே கிடையாது, காலைல வாக்கிங் போகவே பயமா இருக்கு, என்ன செய்யலாம்"னு கேட்டிருந்தாங்க. நான் என்னமோ அவசரத்துல "பாத்து ஓரமா போங்கம்மா"ன்னு ஒரே வரில பதில் போட்டுட்டு அடுத்த கேள்விக்குத் தாவிட்டேன். அவ்ளோதான், பிடிச்சுக்கிட்டாங்க. மெயில், வாட்ஸ்அப், போஸ்ட் கார்டு எல்லாத்துலயும் ஒரே அர்ச்சனை. அதுல ஒரு கார்டுல மொத்தமே மூணு வார்த்தைதான்: "எந்த ஓரம் சார்?" சரி, தப்பு என்னோடதுதான். இந்த வாரம் வேற சப்ஜெக்ட்டே கிடையாது, முழுக்க இதுதான்.

கேள்வி: அந்தக் கேள்விய கேட்டதே நான்தான். எங்க தெரு 20 அடி. ஒரு பக்கம் வரிசையா கவர் போட்ட கார், இன்னொரு பக்கம் வீட்டுக்கு வீடு ராம்ப், நடுவுல தண்ணி லாரி. நீங்க சொன்ன ஓரத்த ரெண்டு வாரமா தேடிட்டு இருக்கேன். எந்தப் பக்கம் நடக்கணும், அதயாவது சொல்லுங்க. ஸ்கூல்ல இடது பக்கம்னு சொல்லித் தந்தாங்க, கூட வர்ற ஃப்ரெண்டு வலது பக்கம்னு தினமும் சண்டை.
- வாசகி, மடிப்பாக்கம்

உங்க ஃப்ரெண்டு சொல்றதுதான் சரிம்மா. இடது பக்கம்ங்கறது வண்டிக்கு. அத நமக்கும் சேத்து மனப்பாடம் பண்ண வச்சுட்டாங்க. பிளாட்பாரம் இல்லாத ரோட்டுல இடது பக்கமா நடந்தீங்கன்னா உங்களுக்குப் பக்கத்துல வர்ற வண்டி எல்லாம் முதுகுப் பக்கமா வரும், அவன் போன் பாக்கறானா தூங்கி வழியறானான்னு உங்களுக்குத் தெரியாது, இப்ப வர்ற எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல சத்தமும் இல்ல. வலது பக்கமா நடந்தா பக்கத்துல வர்றவன் எதிர்ல வருவான், மூஞ்சிய பாக்கலாம், ஒரு எட்டு ஒதுங்கலாம். இங்கிலாந்துல நம்மள மாதிரியே வண்டி இடது பக்கம்தான் போகும், அங்க கவர்மெண்டு போட்டிருக்கற ரோடு விதி புஸ்தகத்துலயே, பிளாட்பாரம் இல்லன்னா வலது பக்கம் நடங்கன்னு எழுதியிருக்கு.

ஆனா இத வேதவாக்கா எடுத்துக்காதீங்க. வலது பக்கமா திரும்பற வளைவு வந்தா எதிர்ல வர்றவனுக்கு நீங்க கடைசி நிமிஷம் வரைக்கும் தெரிய மாட்டீங்க, அதுலயும் மூலை வீட்டு காம்பவுண்டு சுவர் உயரமா இருந்தா கேக்கவே வேணாம். அங்க மட்டும் கொஞ்சம் முன்னாடியே இடது பக்கம் வந்துட்டு, வளைவு தாண்டி திரும்பவும் வலது பக்கம் போயிடுங்க. ரெண்டு மூணு பேரா போனா பேச்சு சுவாரசியத்துல தோளோட தோளா நடக்கத் தோணும், வண்டி வந்தா வரிசையா ஆயிடுங்க. வரிசையா கார் நிக்கற பக்கம் வலது பக்கமா இருந்தா, காருக்கு ரெண்டடி தள்ளியே நடங்க, யாராவது கதவ படார்னு திறப்பாங்க, இல்ல ரெண்டு காருக்கு நடுவுலேர்ந்து ஒரு வண்டி ரிவர்ஸ் எடுப்பான். வெறுமனே நிக்கற கார்தானேன்னு நினைக்காதீங்க, பின்னாடி வெள்ளை லைட் எரியுதா பாருங்க.

தண்ணி லாரி பத்தி தனியா சொல்லணும். டிரைவர் அவ்ளோ உசரத்துல உக்காந்திருக்காரு, வண்டிக்கு நேர் முன்னாடி ஒட்டி நிக்கற ஆளு, இடது பக்க முன் சக்கரத்துக்கிட்ட நிக்கற ஆளு, ரெண்டு பேரும் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டாங்க. ரிவர்ஸ்ல வந்தா பின்பக்கம் மொத்தமும் இருட்டுதான். கிளீனர் பையன் இறங்கி "வா வா"ன்னு தட்டினாத்தான் உண்டு. உங்களுக்கு அவர் மூஞ்சி கண்ணாடில தெரியலன்னா அவருக்கும் நீங்க தெரியலன்னு அர்த்தம். லாரி சந்துக்குள்ள வந்துட்டா யார் வீட்டு கேட்டுக்குள்ளயாவது ஏறி நின்னுடுங்க, அது போனப்புறம் இறங்கி நடங்க, கௌரவம் எல்லாம் அப்புறம்.

ராத்திரின்னா இன்னொன்னு. நம்ம ஊர்ல வேட்டி கட்டின தாத்தா அம்பதடி முன்னாடியே தெரிவாரு, கருப்பு டி-ஷர்ட் கருப்பு டிராக் பேண்ட் போட்ட பேரன் தெரியவே மாட்டான். போன் டார்ச்ச தரையப் பாத்து அடிச்சுட்டே போங்க, பள்ளமும் தெரியும், நீங்களும் தெரிவீங்க.

இவ்ளோ சொல்லியும் உங்க அசல் கேள்விக்கு பதில் வரல, எனக்கே தெரியுது. ஓரம் எங்கன்னு கேட்டீங்க. கணக்கு போட்டுப் பாப்போம். 20 அடில ஒரு கார் நின்னா 6 அடி போச்சு, எதிர்ல ராம்ப் 3 அடி நீட்டிட்டு இருக்கு, மிச்சம் 11. அதுல ஒரு கார் ஓடினா இன்னொரு 6 அடி. பாக்கி 5 அடில ரெண்டு பக்கமும் இடைவெளி விட்டு, எதிர்ல வர்ற பைக்கு, மாடு, நாய், நீங்க. அதாவது உங்க தெருவுல ஓரம்னு ஒன்னு இல்லவே இல்ல. தெரு மொத்தமும்தான் உங்க பிளாட்பாரம், அதுல வண்டியும் போகுது, அவ்ளோதான். இப்படிப் பாத்தா மத்த கேள்விக்கெல்லாம் பதில் சொல்றது சுலபம்.

கேள்வி: அண்ணா, நான் டெலிவரி வேலை பாக்கறேன். உள்தெருவுல எல்லாரும் நடு ரோட்டுலயே நடக்கறாங்க, ஹாரன் அடிச்சா முறைக்கறாங்க. 30ல போகணும்னு போர்டு வேற. 40ல போனா என்ன குடியா முழுகிடும்? எங்களுக்கும் டைம் இருக்குல்ல?
- வாசகர், வேளச்சேரி

தம்பி, உங்க கஷ்டம் புரியுது, லேட்டானா உங்கள நிக்க வச்சு கேள்வி கேக்கறதும் இதே நடு ரோட்டுல நடக்கற ஆளுங்கதான். ஆனா கணக்கு சொல்றேன், கேளுங்க. உள்தெருவுல நீங்க போறது ஒரு அரை கிலோமீட்டர் இருக்குமா? 30ல போனா 60 செகண்டு, 40ல போனா 45 செகண்டு. மிச்சம் 15 செகண்டு. அந்த 15 செகண்டு அடுத்த அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி நோட்டுல பேரு எழுதறதுக்குள்ள போயிடும்.

இப்ப அந்தப் பக்கம் பாருங்க. ஒரு குழந்தை பந்து பின்னாடி ஓடி வருது. கண்ணுல பட்டு, மூளைக்கு உறைச்சு, கை பிரேக்குக்குப் போக சாதாரணமா ஒரு செகண்டு ஆகும். 30 கிமீ வேகத்துல அந்த ஒரு செகண்டுல வண்டி 8 மீட்டர் போயிடும், அப்புறம் பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 5 மீட்டர், மொத்தம் 13. இது நல்ல காஞ்ச ரோடு, நல்ல டயர்னா. 40ல வந்தா யோசிக்கறதுக்குள்ளயே 11 மீட்டர் போயிடும், நிக்கறதுக்குள்ள மொத்தம் 20 ஆயிடும். அதாவது 30ல வந்தவன் முழுசா நின்னுட்டு அந்தக் குழந்தைய பாத்து "ஏய்"னு கத்தற எடத்துல, 40ல வந்தவன் இன்னும் கிட்டத்தட்ட 35 கிமீ வேகத்துல இருப்பான். 50ல வந்தவன் அதே எடத்துல பிரேக்கே பிடிக்க ஆரம்பிச்சிருக்க மாட்டான். பத்து கிலோமீட்டர்தானேன்னு தோணும், ஆனா ஒருத்தனுக்கு அது ஒரு திட்டோட போயிடும், இன்னொருத்தனுக்கு ஆஸ்பத்திரி. நம்ம தெருவுல மணல், ஜல்லி, வாழைத்தோல் எல்லாம் வேற கிடக்கும், நான் சொன்ன மீட்டர் எல்லாம் இன்னும் கூடும்.

30ங்கறது சும்மா யாரோ கிறுக்கின போர்டும் இல்ல. 2023 நவம்பர்ல சென்னை டிராபிக் போலீஸ் சிட்டிக்கு வேக வரம்பு வச்சப்போ காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40ன்னு சொல்லிட்டு, குடியிருப்புப் பகுதிக்குள்ள எந்த வண்டியா இருந்தாலும் 30தான்னு சொன்னாங்க. பெரிய ரோட்டு வரம்ப பத்தி டிவில எல்லாம் பெரிய சண்டை நடந்துச்சு, இந்த 30 மட்டும் யார் காதுலயும் விழல. உள்தெருவுல நின்னு பிடிக்கவும் ஆள் கிடையாது.

ஹாரன் விஷயம், ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன். வயசானவங்க பின்னாடி வந்து திடீர்னு அடிக்காதீங்க, அவங்க பதறி எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. தூரத்துலயே ஒரு சின்ன 'பீப்' போதும். அவங்க முறைச்சா நீங்க ஒரு சிரிப்பு சிரிச்சிடுங்க.

கேள்வி: எங்க சங்கத்துல காசு வசூல் பண்ணி தெருவுக்கு மூணு ஸ்பீடு பிரேக்கர் நாங்களே போட்டுட்டோம். இப்போ தெருக்காரங்களே இடுப்பு போச்சுன்னு திட்டறாங்க. நல்லது பண்ணது தப்பா?
- சங்கச் செயலாளர், திருச்சி

மனசு நல்ல மனசுதான், சிமெண்டுதான் தப்பு. நீங்க அனுப்பின போட்டோவ பாத்தேன், அது ஸ்பீடு பிரேக்கர் இல்ல, பாத்தி. அகலம் ஒரு அடி கூட இருக்காது, உயரம் அரை அடி. இதுக்குன்னு, ரோடு போடற விதியெல்லாம் வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்ங்கற அமைப்பு அளவு சொல்லியிருக்கு: அகலம் 3.7 மீட்டர், அதாவது 12 அடி, உயரம் 10 சென்டிமீட்டர், நாலு இன்ச். மேல உருண்டையா வழவழன்னு ஏறி இறங்கணும். அந்த மாதிரி இருந்தா 25 கிமீ வேகத்துல வர்றவனுக்கு ஒன்னும் ஆகாது, 45ல வர்றவனுக்குத்தான் தூக்கிப் போடும். நீங்க போட்டிருக்கறது தலைகீழ். மெதுவா வர்ற கர்ப்பிணிப் பொண்ணுக்கும் ஆம்புலன்சுக்கும் இடி, வேகமா வர்ற பைக்குப் பையன் ஓரத்துல விட்டிருக்கற இடைவெளில புகுந்து போயிடுவான், அந்த இடைவெளிலதான் நடக்கறவங்க நடந்துட்டு இருப்பாங்க!

கருப்பு வெள்ளை பெயிண்ட் அடிக்காம, முன்னாடி போர்டு வைக்காம விட்டா ராத்திரில யாராவது பைக்கோட விழுவாங்க, அந்தக் கேசு உங்க சங்கத்து மேல வரும். அனுமதி இல்லாம பொது ரோட்டுல போடவும் கூடாது. உடைச்சு எடுத்துட்டு மாநகராட்சில முறையா எழுதிக் குடுங்க, கலெக்டர் தலைமைல மாவட்ட சாலை பாதுகாப்பு கமிட்டின்னு ஒன்னு இருக்கு, அதுக்கும் ஒரு காப்பி போடுங்க. எங்கெங்க வேணும்னு நீங்களே குறிச்சுக் குடுங்க, பால்வாடி முன்னாடி, தெரு பெரிய ரோட்டுல சேர்ற முனைல. நூறடிக்கு ஒன்னு கேக்காதீங்க.

கேள்வி: போன் பாத்துட்டே நடக்கறவங்களப் பத்தி ஒரு வார்த்தை?
- வாசகர், ஈரோடு

இந்தக் கேள்விய நடந்துட்டே டைப் பண்ணலன்னு நம்பறேன்.

கேள்வி: மார்கழி வந்தா விடிகாலை நாலரைக்கே வாசல்ல கோலம் போட உக்காருவேன். பனில ஒன்னும் தெரியாது. போன வருஷம் ஒரு பால் வண்டி கோலப்பொடி டப்பாவ தட்டிட்டு போச்சு. மாமியார் கோலத்த வாசப்படியோட நிறுத்திக்கன்னு சொல்றாங்க. எனக்கு மனசு வரல.
- வாசகி, கும்பகோணம்

எனக்கும் மனசு வரலம்மா. தெரு முழுக்க அடைச்ச தேர்க்கோலம் இல்லாம என்ன மார்கழி. ஆனா டப்பாவ தட்டினவன் ஒரு அடி தள்ளி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு உங்க மாமியாருக்குத் தோணியிருக்கு, அவங்க மேல கோவப்படாதீங்க.

குனிஞ்சிருக்கற ஆளு ரெண்டடி உயரம்தான், ஹெட்லைட் வெளிச்சத்துல ஒரு மூட்டை மாதிரி இருக்கும், கடைசில தான் ஆளுன்னு தெரியும். அதனால வண்டி வர்ற பக்கம், பத்து பதினஞ்சடி முன்னாடியே, வீட்டு ஸ்கூட்டர கொண்டு வந்து நிறுத்திட்டு பார்க்கிங் லைட்டோ இண்டிகேட்டரோ போட்டு விட்டுடுங்க. ஸ்கூட்டர் இல்லன்னா ஒரு பிளாஸ்டிக் சேர்ல சைக்கிள் கடைல கிடைக்கற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர ஒட்டி வச்சா போதும். வாசல் லைட்ட போடுங்க, வண்டி வர்ற பக்கத்துக்கு முதுகு காட்டி உக்காராதீங்க. தலைல போட்டுக்கற சால்வை வெளிர் கலரா இருக்கட்டும். வீட்டுக்காரர எழுப்பி டார்ச்சோட நிக்க வைங்க, அவர் காபி கேப்பாரு, பரவால்ல.

ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? கோலம் போட்டு முடிச்சப்புறம் வர்ற வண்டிக்காரங்கள்ல பாதிப்பேர் அதுமேல ஏத்த மனசு வராம வேகத்தக் குறைச்சு வளைச்சுப் போவாங்க. லட்சக்கணக்குல செலவு பண்ற மாநகராட்சி போர்டுக்கு இல்லாத மரியாதை ஒரு கிலோ கோலமாவுக்கு இருக்கு.

கேள்வி: எங்க மாமனார் சாயங்காலம் கோயிலுக்கு நடந்து போறப்போ ஒரு பைக்கு இடிச்சுட்டு நிக்காம போயிட்டான். இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. ஸ்டேஷன்ல "பெரியவர் ஏன் நடு ரோட்டுல போனாரு"ன்னு கேக்கறாங்க. பிளாட்பாரம் இல்லாத தெருவுல வேற எங்க போவாரு? எங்களுக்கு ஏதாவது வழி இருக்கா?
- வாசகர், மதுரை

முதல்ல பெரியவர் நல்லபடியா எழுந்து நடக்கட்டும். அந்தக் கேள்விய கேட்டவரு வீட்டுத் தெருவுல பிளாட்பாரம் இருக்கான்னு போய்ப் பாக்கணும்போல இருக்கு.

நடந்து போனவர் மேல தப்புன்னு ஸ்டேஷன் வாசல்ல யாரும் தீர்ப்பு எழுத முடியாது. கண்மூடித்தனமா ஓட்டறதுக்கு, பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 281ன்னு பிரிவு இருக்கு. இடிச்சுட்டு நிக்காம ஓடினது அது தனிக் குத்தம். எழுத்து மூலமா புகார் குடுத்து எஃப்ஐஆர் காப்பி வாங்குங்க, அதுதான் எல்லாத்துக்கும் சாவி. தெருவுல யார் வீட்டு கேமராலயாவது பதிவாயிருக்கும், இன்னிக்கே போய்க் கேளுங்க, நிறைய வீட்டுல பழைய பதிவு தானா அழிஞ்சு மேல மேல புதுசு ஏறிட்டே இருக்கும்.

வண்டி நம்பர் கிடைச்சுட்டா மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்துல மனு போடலாம், வண்டியோட இன்சூரன்ஸ் கம்பெனிதான் குடுக்கணும். விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள போடணும்னு சட்டத்துல இருக்கு, அதனால 'மாமனார் நல்லாகட்டும் பாத்துக்கலாம்'னு தள்ளாதீங்க. வண்டி கிடைக்கவே இல்லன்னாலும் வழி இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது: இடிச்சுட்டு ஓடின கேசுக்குன்னே மத்திய அரசுத் திட்டம், 2022 ஏப்ரல்லேர்ந்து உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம். எலும்பு முறிவு பலத்த காயம்தான். தாலுகா ஆபீஸ்ல தாசில்தார்கிட்டயோ கோட்டாட்சியர்கிட்டயோ விசாரிங்க, அந்த அளவுல இருக்கற வருவாய் அதிகாரிதான் விசாரணை அதிகாரி. 50 ஆயிரம் ஆபரேஷன் செலவுல ஒரு மூலைக்கும் வராது, இருந்தாலும் விடாதீங்க.

மத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன். தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்லேர்ந்து 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48'னு ஒரு திட்டம் இருக்கு, ரோடு விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை, திட்டத்துல சேந்திருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரிலயும் உண்டு. 108க்கு போன் பண்றப்பவே அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொல்லுங்க. இடுப்புல அடின்னு சந்தேகம் இருந்தா கைய கால பிடிச்சு ஆட்டோல திணிக்காதீங்க, ஸ்ட்ரெச்சர் வரட்டும். வேடிக்கை பாக்கறவங்களும் பயப்படாம உதவலாம், மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019ல வந்த திருத்தத்துல அதுக்குப் பாதுகாப்பு குடுத்திருக்காங்க, உதவினவர சாட்சியா வரச்சொல்லி கட்டாயப்படுத்த முடியாது.

கேள்வி: எதிர்வீட்டு 14 வயசுப் பையன் ஸ்கூட்டர எடுத்துட்டு தெருவுல பறக்கறான். அவங்க அப்பா "தெருவுக்குள்ளதானே"ன்னு பெருமையா சொல்றாரு.
- வாசகி, சேலம்

தெருவும் ரோடுதான். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவு இருக்கு, மைனர் ஓட்டி குத்தம் நடந்தா அப்பாவுக்கோ வண்டி ஓனருக்கோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25 ஆயிரம் அபராதம், வண்டி பதிவு 12 மாசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. அந்தக் கடைசி விஷயத்த பையன் காதுல போடுங்க, அப்பா காதுல போட்டா சண்டைக்கு வருவாரு.

கேள்வி: பிளாட்பாரம் போட்டுக் குடுங்கன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கா, இல்ல அது கவுன்சிலர் தயவா?
- வாசகர், தாம்பரம்

உரிமைதான். நடைபாதை அரசியல் சட்டத்தோட 21வது பிரிவுல, அதாவது உயிர் வாழற உரிமைக்குள்ளயே வருதுன்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அந்த வழக்கப் போட்டது யாருன்னு தெரியுமா? நம்ம கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன், 2012ல. தினமும் உடைஞ்ச எலும்ப ஒட்ட வைக்கற ஆளு டில்லி வரைக்கும் போயிருக்காரு பாருங்க. 2022ல மட்டும் நாடு முழுக்க நடந்து போனவங்க 32,825 பேர் ரோட்டுல செத்திருக்காங்க, மத்திய அரசே குடுத்த கணக்கு. நாளுக்கு 90 பேர்.

ஆனா உரிமை இருக்குங்கறதுக்காக மடிப்பாக்கம் அம்மா தெரு மாதிரி 20 அடி சந்துல பிளாட்பாரம் கேக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், இதுக்கும் திட்டு வரும்னு தெரியும். விதிப்படி நடக்கறதுக்குன்னு குறைஞ்சது 1.8 மீட்டர், ஆறடி, தடையில்லாம வேணும். ரெண்டு பக்கமும் ஆறடி போனா நடுவுல எட்டடி. ஒரு தண்ணி லாரி வந்தா பிளாட்பாரத்து மேலதான் ஏறும். ஒன்னரை அடில ஒன்னு கட்டி அது மேல ஈபி பாக்ஸும் குப்பைத் தொட்டியும் வச்சு, கடைசில நாம கீழ இறங்கித்தான் நடப்போம், பாத்துட்டுத்தானே இருக்கோம். சென்னை மாநகராட்சி 2014லயே நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் முதல் இடம்னு ஒரு கொள்கை போட்டுச்சு, அதுக்கப்புறம் பஸ் போற ரோடு சிலதுல நல்ல பிளாட்பாரம் வந்துச்சு, பாண்டி பஜார்ல 2019ல வந்ததுதான் எல்லாருக்கும் தெரியுமே. உள்தெருவுக்கு அந்த வெளிச்சம் வரவே இல்ல.

40 அடி, 60 அடி ரோடுன்னா விடாம பிளாட்பாரம் கேளுங்க. சந்துல வேற கேளுங்க: எரியாத தெருவிளக்கு, வாய் திறந்த வடிகால் ஸ்லாப், முனைல 30 போர்டு, நல்ல அளவுல ரெண்டு வேகத்தடை, குருட்டு வளைவுல ஒரு குவி கண்ணாடி. சென்னை மாநகராட்சின்னா 1913க்குப் போட்டு புகார் நம்பர் வாங்குங்க, விளக்குக்கு கம்பத்துல எழுதியிருக்கற நம்பர் சொன்னா சீக்கிரம் நடக்கும். உங்க வார்டுலயும் ஏரியா சபைன்னு, ஏரியா மக்கள் கூடிப் பேசற கூட்டம் ஒன்னு இருக்கணும், அது எப்ப கூடுதுன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க. கேட்டதும் அவர் ஒரு மாதிரி பாப்பாரு, அத கண்டுக்காதீங்க.

கேள்வி: என் பையன் ஜப்பான்ல இருக்கான். அந்த மாதிரி ஊர்ல எல்லாம் சின்னத் தெருவுக்குக் கூட பிளாட்பாரம் இருக்கும், நம்ம ஊரு எப்ப திருந்தும்?
- வாசகர், நாகர்கோவில்

பையன வீடியோ கால்ல தெருவ காட்டச் சொல்லுங்க சார், நீங்களே அசந்துடுவீங்க. ஜப்பான்ல குடியிருப்புத் தெரு எத்தனையோ நம்ம சந்து அகலம்தான், பிளாட்பாரம் கிடையாது. ஓரத்துல ஒரு வெள்ளக் கோடு, ஸ்கூலுக்குப் போற வழின்னா பச்சை பெயிண்ட் பட்டை, முனைக்கு முனை ஆரஞ்சு கலர் கம்பத்துல குவி கண்ணாடி. சின்னப் பிள்ளைங்க அதுல தனியா நடந்து ஸ்கூலுக்குப் போகுது.

எப்படின்னா, ரெண்டு காரணம் எனக்குத் தெரியுது. ஒன்னு வேகம். 2011லேர்ந்து 'ஜோன் 30'ன்னு குடியிருப்புப் பகுதிகள குறிச்சு 30க்குக் கொண்டு வந்தாங்க. அதுலயும் திருப்தி இல்லாம, போர்டு இல்லாத சின்ன ரோட்டுக்கெல்லாம் 60 வரைக்கும் போலாம்னு இருந்த பழைய விதிய மாத்தி, 2026 செப்டம்பர்லேர்ந்து 30ன்னு முடிவு பண்ணாங்க. ரெண்டாவதுதான் முக்கியம். அங்க கார் வாங்கணும்னா அத நிறுத்த சொந்தமாவோ வாடகைக்கோ இடம் இருக்குன்னு போலீஸ்கிட்ட சர்டிபிகேட் வாங்கிக் காட்டணும், 1962லேர்ந்து சட்டம். தெருவுல ராத்திரி முழுக்க கவர் போட்டு நிறுத்தற கதையே கிடையாது. அதனால அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இடம் காலியா இருக்கு. ஆக, அவங்க ஓரத்தக் கட்டல சார், இருந்த ஓரத்த யாரும் எடுத்துக்காம பாத்துக்கிட்டாங்க.

கேள்வி: ராம்ப் பத்தி எல்லாரும் பேசறீங்களே, ஒவ்வொரு தடவ ரோடு போடறப்பவும் தெரு உசந்துட்டே போகுது, மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வருது. வீட்ட உசத்தி கட்டினா ராம்ப் நீளத்தான் செய்யும். நாங்க என்ன ஆசைப்பட்டா ரோட்ட பிடிக்கறோம்? உங்க வீட்டுல ராம்ப் இல்லையா?
- வாசகர், கொளத்தூர்

நீங்க சொல்றது முழுக்க நியாயம். பழைய தாரச் சுரண்டி எடுக்காம அது மேலயே புதுசு கொட்டறதுல தெரு உசந்து உசந்து வீடெல்லாம் குழிக்குள்ள போயிடுச்சு. சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும்னு 2021ல அப்போ தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டாரு. அடுத்த தடவ உங்க தெருவுக்கு ரோடு போட வந்தா, வர்ற அன்னிக்கே போய் நின்னு "மில்லிங் பண்ணியாச்சா"ன்னு கேளுங்க, சுரண்டி எடுக்கறதுக்கு அதான் பேரு, அந்த வார்த்தைய சொன்னாலே காண்ட்ராக்டர் ஆளு உங்கள வேற மாதிரி பாப்பாரு. ஒரு செங்கல்ல தெரு மட்டத்துக்கு குறி வச்சு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, முன்ன பின்ன காட்டலாம்.

கடைசிக் கேள்விக்கு வர்றேன். இருக்கு. எங்க வீட்டு ராம்ப் கேட்டுக்கு வெளிய மூணேகால் அடி, இந்தக் கடிதங்கள படிச்சப்புறம்தான் டேப் வச்சு அளந்து பாத்தேன். பக்கத்துல ஒரு செம்பருத்திச் செடி, அதுக்கு ஒரு கம்பி வேலி, அது ஒரு ரெண்டடி. பத்து வருஷமா அந்த எடத்துல வந்ததும் ஸ்கூல் பிள்ளைங்க நடு ரோட்டுக்கு இறங்கி, தாண்டினதும் திரும்ப ஓரத்துக்கு ஏறிப் போறத மாடிலேர்ந்து காபி குடிச்சுட்டே பாத்திருக்கேன். எதுக்கு இறங்குதுங்கன்னு ஒரு நாளும் தோணல. "ஓரமா போங்க"ன்னு எழுதினதும் அதே ஆளுதான்.

கொத்தனார்கிட்ட கேட்டேன். வாசல் கேட்ட உள்பக்கமா ரெண்டடி தள்ளி மாட்டிட்டு சரிவ காம்பவுண்டுக்குள்ளயே கொண்டு வரலாம், ஆனா வண்டி நிறுத்தற எடம் குறையும்ங்கறாரு. வீட்டுல அதுக்கு இன்னும் சம்மதம் கிடைக்கல. செம்பருத்தி மட்டும் போன ஞாயித்துக்கிழமை தொட்டிக்கு மாறிடுச்சு.